உறங்குகிறவர்கள் உறங்கட்டும்

ஆவடி
12.6.1988

அன்புள்ள வசந்தாவுக்கு,

அக்கா லோகநாயகி எழுதுவது. நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம். அந்த ஜபல்பூர் வெயிலில் நீயும் மாப்பிள்ளைத் தம்பி இராமகிருஷ்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? குவார்ட்டர்ஸில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

கடை திறந்துவிட்டேன். நாயகி மெத்தைக் கடை. பூந்தமல்லி ரோட்டில், பார்வதம் அம்மா வீட்டு முன்பக்கம். போடியிலிருந்து இலவம் பஞ்சு மூட்டை வந்து இறங்கி, தலையணைகளைத் தைத்துக் கூரை வரைக்கும் அடுக்கிவிட்டேன். வாங்கத்தான் ஆள் இல்லை. மத்தியானத்தில் நானே ஒன்றை உருவிப் போட்டுக்கொண்டு தூங்குகிறேன். சரக்கு நல்ல சரக்கு என்று அந்த மட்டில் தெரிந்துகொண்டேன்.

தொழிற்பேட்டையில் வேலை பார்த்த கம்பெனி மூடியதிலிருந்து மாமா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறார். எது கேட்டாலும் 'ம்' தான். பார்வதம் அம்மா நல்ல மனுஷி, ஆனால் கறார். "தை பொறக்கிற வரிக்கும் பாரு லோகா. ஜனம் வந்தா சரி. இல்லாங்காட்டி வீடியோ கேசட்டு வாடகைக்கு உடுறவன் ஒருத்தன் கேட்டுகினு கீறான், அவனுக்குக் குடுத்துடுவேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அப்புறம் கும்மிடிப்பூண்டியில் மாமாவின் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அந்த அண்ணிக்காரியின் வாய் உனக்குத் தெரியாததா?

விளம்பரம் செய் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பிட் நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடுகிறவரிடம் கெஞ்சி உள்ளே வைக்கச் சொன்னேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கடலை வாங்கினால் முனியன் என் நோட்டீஸிலேயே மடித்துக் கொடுக்கிறான்! வந்ததே கோபம் எனக்கு. "இன்னாக்கா பண்றது, காயிதம் நல்லாக் கீது, எண்ணெ ஊற மாட்டுது" என்கிறான்.

நீ பள்ளிக்கூடத்திலும் அம்மன் கோயில் திருவிழாவிலும் மைக் பிடித்தவள். நாலு பேரை நிற்க வைக்கிற வித்தை உனக்குத்தான் வரும். கையைக் கடிக்காத யோசனையாக ஒன்று சொல்.

உன் அக்கா,
லோகநாயகி

*

ஜபல்பூர்
27.6.1988

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

வசந்தகுமாரி வணக்கம். இங்கே முதல் மழை பெய்துவிட்டது. இருவரும் சுகம். எனக்கு மட்டும் தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு, இந்த ஊர்த் தூசிதான். மாமாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, மத்தியானம் ஜன்னலோரம் படுத்து யோசித்தேன். முனியனிடம் சண்டை போடாதே அக்கா. மீதி நோட்டீஸ் எல்லாவற்றையும் அவனிடமே கொடுத்துவிடு. பேப்பருக்குள் வருகிற நோட்டீஸை உதறிவிடுகிறார்கள். கடலைப் பொட்டலத்தைப் படிக்காதவர்கள் யார் இருக்கிறார்கள்? கடைசிக் கடலையைத் தின்றுவிட்டும் பஸ் வராமல் நிற்கிறவன் அதைத்தான் படிப்பான்.

இன்னொன்று. தலையணையை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, தலை வைத்துப் பார்க்க வேண்டும். சென்னீர்குப்பத்தில் பஞ்சவர்ணம் நர்ஸம்மா பிரசவம் பார்க்கிறார்களே, அங்கே கட்டிலுக்கு ஒன்றாகச் சும்மா போட்டுவிட்டு வா. உறையின் ஓரத்தில் கடைப் பெயரைத் தைத்துவிடு. பிள்ளை பெற்றவள் முதல் தூக்கத்தை மறக்கவே மாட்டாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் நாற்காலிக்கும் ஒரு திண்டு கொடு.

நேற்று ஒரு கனவு, அக்கா. ஆவடித் தெருக்களில் ஒரு ஆட்டோ போகிறது. அதற்குள் யாருமே இல்லை, நான் மட்டும் பேசிக்கொண்டே போகிறேன். விழித்ததும் இவரிடம் சொன்னேன். "டேப் ரிக்கார்டர்தான் இருக்கே, பேசி அனுப்பேன்" என்கிறார். அனுப்பட்டுமா?

உன் வசந்தா

*

ஆவடி
19.7.1988

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் குடி. தூசி தூசி என்று சும்மா இருக்காதே.

உன் யோசனை பலித்தது என்று சொன்னால் தலை கனத்துவிடும், இருந்தாலும் சொல்கிறேன். டைம் கீப்பர் திண்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், பஸ்தான் நேரத்துக்குக் கிளம்ப மாட்டேன் என்கிறதாம். நர்ஸம்மாவிடமிருந்து இரண்டு பிள்ளைத்தாய்ச்சி வீடுகள் வந்தன. சின்னப் பிள்ளைத் தலையணை, பெரிய தலையணை, ஒரு மெத்தை. மெத்தை தைக்க மாமாவைக் கூப்பிட்டேன். எழுந்து வந்து ஊசி கோத்துக் கொடுத்தார். அதுவே எனக்குப் போதும்.

ஆனால் அதெல்லாம் துளித் துளிதான். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எத்தனை ஆயிரம் வீடு! திருநெல்வேலி, கோயம்புத்தூர், ஆற்காடு என்று எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த தலையணை கல்லாகிப் போயிருக்கும். அவர்கள் காதில் விழ வேண்டும். துலுக்கானம் என்று ஒரு ஆட்டோக்காரர், கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வைத்திருக்கிறார். "போலீஸ் பர்மிஷன் நான் வாங்கிக்கிறேன், நீ கேசட்டக் குடும்மா. ஆனா குரலு கணீர்னு இருக்கணும், சொல்லிட்டேன்" என்கிறார்.

கணீர் என்று ஒரு குரல் எங்கள் வீட்டில்தான் பிறந்திருக்கிறது என்றேன். சீக்கிரம் அனுப்பு.

அக்கா லோகா

*

ஜபல்பூர்
4.8.1988

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கேசட்டைத் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டு திவாரி அம்மாள், எங்களுக்குள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வந்துவிட்டாள். தலையணை விற்கிறேன் என்று என் ஹிந்தியில் சொன்னேன். என்ன புரிந்ததோ, என்னைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பேசி முடித்ததும் தொண்டை மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. இரண்டு நாள் மௌன விரதம். இவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

வசந்தா

*

ஆவடி
21.8.1988

அடி வசந்தா,

சுகமா என்று கேட்கக்கூடத் தெம்பில்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

மானம் போய்விட்டது. குவார்ட்டர்ஸ் நாலாவது தெருவுக்குள் மதியம் ஆட்டோ நுழைந்தது. உன் குரல், நிஜமாகவே கணீர். "வாருங்கள்! வாருங்கள்! சொர்க்கம் போன்ற உறக்கம் வேண்டுமா!" நான் ஆட்டோவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். படார் படார் என்று கதவு திறந்தது. கும்பலாக வருகிறார்களே என்று பூரித்துப் போனேன். வந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். லுங்கி, சிவந்த கண்கள்.

நைட் ஷிப்ட், வசந்தா! விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து அப்போதுதான் கண் அசந்திருக்கிறார்கள். நீயும் குவார்ட்டர்ஸ்காரி, எனக்கும் இந்த ஊர்தான். இரண்டு பேருக்குமா தோன்றாமல் போயிற்று?

தசரதன் என்று ஒருத்தர், ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்று, "ஏம்மா, நீ விக்கிறது தலகாணி. எங்க தூக்கத்தக் கெடுத்துட்டு எங்களுக்கே தலகாணி விக்கிறியா? இது இன்னா ஞாயம்?" என்றார். துலுக்கானம் வண்டியைத் திருப்பிய வேகத்தில் நான் மடியில் வைத்திருந்த தலையணை கீழே விழுந்தது. அதையும் ஒருத்தர் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

பார்வதம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். வீடியோ கேசட்காரன் நேற்று வந்து கடையை அளந்து பார்த்துவிட்டுப் போனான். ஏதாவது யோசி.

லோகா

*

ஜபல்பூர்
14.9.1988

என் அருமை அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபப்படாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் மாமாவும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தத் தெருவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மத்தியானம், ஜன்னல் திரை இழுத்துவிட்ட வீடுகள். உள்ளே அவர்கள் உறங்குகிறார்கள். பெண்டுகள் மட்டும் விழித்திருக்கிறார்கள். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கிறார்கள். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுகிறார்கள். பகல் முழுக்க அவர்களோடு யாரும் பேசுவதில்லை. இங்கே நானும் அப்படித்தானே இருக்கிறேன்? அவர்களிடம் கத்தக் கூடாது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பேச வேண்டும்.

புதுக் கேசட் அனுப்பியிருக்கிறேன். துலுக்கானத்திடம் சத்தத்தைக் கூட்டவே கூடாது என்று சொல். வண்டியை நடந்து போகிற மாதிரி ஓட்டச் சொல். இப்போதெல்லாம் எனக்கு மெல்லப் பேசத்தான் பிடிக்கிறது, வீட்டில்கூட.

பேசி முடித்ததும் மழை வந்துவிட்டது. தகரக் கூரை. நிறுத்த மனசில்லாமல் அதையும் ஓடவிட்டுவிட்டேன். வேண்டாம் என்றால் அழித்துவிடு.

வசந்தா

*

ஆவடி
3.10.1988

என் ராசாத்தி வசந்தாவுக்கு,

நாங்கள் நலம், நலம், நலம். உனக்குச் சுற்றிப் போட ஆள் இருந்தால் இன்றைக்கே சுற்றிப் போடச் சொல்.

பயந்துகொண்டேதான் அந்த நாலாவது தெருவுக்குப் போனோம். துலுக்கானம் வண்டியை உருட்டுகிற மாதிரி ஓட்டினார். உன் குரல் வந்தது. நானே ஆட்டோவுக்குள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இரவு வேலை முடித்து உறங்குகிறவர்கள் உறங்கட்டும். அவர்களை எழுப்ப வேண்டாம். விழித்திருக்கிற அக்காமார்களே, சத்தம் போடாமல் ஜன்னலோரம் வாருங்கள். ஒரு ரகசியம் கேட்கிறேன். உங்கள் தலையணைக்கு என்ன வயது? உங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷமா? அப்படியென்றால் அதுவும் களைத்துப் போயிருக்கும்..."

திரைகள் ஒதுங்கின, வசந்தா. ஒரு ஜன்னல், அடுத்த ஜன்னல், எதிர் ஜன்னல். எதிரெதிர் வீட்டுக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் என்னை நோக்கி விரலால் சைகை காட்டினாள், இரண்டு தலையணை என்று.

அப்புறம் வந்ததடி உன் மழை! வானத்தில் பொட்டு மேகம் இல்லை, கொளுத்துகிற வெயில். ஸ்பீக்கரில் சோவென்று கொட்டுகிறது. கொடியில் துணி காயப் போட்டவள் ஓடுகிறாள், மாடியில் மிளகாய் காயப் போட்டவள் ஓடுகிறாள். அள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, தெரு முழுக்கப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. உறங்குகிற ஆம்பிளைகள் எழுந்துவிடக் கூடாதே! அவ்வளவு பேர் சத்தமில்லாமல் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதை எப்படி அழிப்பேன்?

இப்போது மதியம் ஆனால் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள். மழை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மாமா பஞ்சு அடிக்கிறார், மீசையெல்லாம் பஞ்சு. "கொழுந்தியா நம்மள நிமித்திட்டா லோகா" என்றார். 'ம்' போட்ட மனுஷன் அத்தனை வார்த்தை பேசிவிட்டார்.

தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, இரண்டு கேசட் அனுப்பு. பிளாஸ்டிக் குடம் விற்கிற சுலைமான் பாயும் உன் குரல் வேண்டும் என்கிறார், அவருக்கும் ஒன்று பேசிவிடு. அதே மாதிரி மெல்லப் பேசு. அந்த மாதிரி குரலை எங்கேடி பிடித்தாய்?

உன்னால் தலை நிமிர்ந்த அக்கா

*

ஆவடி
30.10.1988

வசந்தாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே சௌகரியம்தான். அங்கே எப்படி என்று எழுதினால்தானே தெரியும்?

இரண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. தீபாவளி வாசலுக்கு வந்துவிட்டது, கேசட் வரவில்லை. பெரிய அறிவிப்பாளினி ஆகிவிட்டாய், அக்காவுக்கு எழுதக் கை வரவில்லையோ? சுலைமான் பாய் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். நான் என்ன சொல்ல?

கோபத்தில் எழுதுகிறேன். பதில் போட்டால் கோபம் போய்விடும்.

லோகநாயகி

*

ஜபல்பூர்
12.11.1988

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

இராமகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. மாமா அவர்களும் தாங்களும் தீபாவளியை நல்லபடி கொண்டாடியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எழுத வேண்டாம் என்று வசந்தா கையைப் பிடித்துக்கொண்டாள். இனியும் மறைப்பது சரியில்லை என்று எழுதுகிறேன். அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி இருந்தது. ஆகஸ்டிலேயே குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது கேசட்டை அவள் மெல்லப் பேசவில்லை அக்கா. அவளால் அவ்வளவுதான் பேச முடிந்தது. அதற்கே பல தடவை நிறுத்தி நிறுத்தி, வெந்நீர் குடித்து குடித்துப் பேசினாள்.

தீபாவளிக்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை, உயிருக்குப் பயமில்லை. டாக்டர்கள் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கட்டி குரல் நரம்பை முன்னமே நசுக்கிவிட்டது. இப்போது காற்று மாதிரி ஒரு சின்னக் குரல்தான் வருகிறது. பேசிப் பேசித்தான் அது தேற வேண்டும், பேசாமல் இருந்தால் இதுவும் போய்விடும் என்கிறார் டாக்டர். அவளோ வாயையே திறப்பதில்லை. ஒரு தடவை முயன்று, தன் குரலைத் தானே கேட்டு, முகத்தை மூடிக்கொண்டாள். அதன் பிறகு சிலேட்டில்தான் எழுதிக் காட்டுகிறாள். சாப்பாடும் பேருக்குத்தான்.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள் பொங்கலுக்குப் பேசி வைத்த கேசட் இத்துடன் இருக்கிறது. உங்களுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று எழுதிக் காட்டினாள்.

தங்கள்,
இராமகிருஷ்ணன்

*

ஆவடி
20.11.1988

என் வசந்தாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். இத்தனை நாளும் வழக்கத்துக்குக் கேட்டிருக்கிறேன், பாவி.

அந்த மாதிரி குரலை எங்கே பிடித்தாய் என்று எழுதினேனே. அந்த வரியை நினைத்து நினைத்து அழுகிறேன். பஞ்சு மூட்டை மேல் விழுந்து அழுதேன், மாமா வந்து தூக்கினார். ஏண்டி சொல்லவில்லை? கடை பெரிதா, நீ பெரிதா? கடை போனால் கும்மிடிப்பூண்டி, அவ்வளவுதானே? அந்த அண்ணிக்காரியின் வாய்க்கு நான் பயந்தவளா?

ஆட்டோவை நிறுத்திவிட்டேன். உன் குரலை விற்றுச் சாப்பிட மனசு வரவில்லை. பொங்கல் கேசட்டைப் பிரிக்கவே இல்லை. நாலாவது தெருப் பெண்டுகள் கடைக்கே வந்து, "எங்க அந்தப் பொண்ணு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? மத்தியானம் வெறிச்சுனு கீது" என்று கேட்கிறார்கள். உறையை மடிக்கிற மாதிரி திரும்பிக்கொள்கிறேன்.

புறப்பட்டு வா. இங்கே என் பக்கத்தில் உட்கார். பேசு, பேசாமல் இரு, உன் இஷ்டம். சாப்பிட மட்டும் வேண்டும்.

அக்கா

*

ஜபல்பூர்
2.12.1988

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் உனக்கும் நமஸ்காரம். காயம் ஆறிவிட்டது. தழும்பை மறைக்க ரவிக்கையில் காலர் வைத்துத் தைத்துக்கொண்டேன், நன்றாகவே இருக்கிறது.

நீ அழாதே. கடைக்காக நான் ஒன்றும் தியாகம் செய்யவில்லை. குரல் போகப் போகிறது என்று தெரிந்த பிறகு, அது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று யோசித்தேன். நம் ஊரில் இருக்கட்டும் என்று தோன்றியது. இங்கே மத்தியானம் படுத்திருக்கும்போது, இந்நேரம் ஆட்டோ அந்தத் தெருவில் திரும்பியிருக்கும், ஜன்னலில் யாரோ நிற்பார்கள், நான் பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். அதில்தான் தூக்கமே வரும். நீ நிறுத்திவிட்டாய் என்றதும் எனக்கு ஊரிலும் குரல் இல்லை என்று ஆகிவிட்டது.

தயவுசெய்து ஓடவிடு. நான் வர மாட்டேன். இங்கே தட்டைக் கரண்டியால் தட்டி இவரைக் கூப்பிடுகிறேன். அங்கே வந்து அதைச் செய்ய என்னால் முடியாது. எல்லாரும் என்னைக் கணீர் என்று கேட்டவர்கள். "ஐயோ, அந்தக் குரலா இப்படி ஆச்சு" என்று ஒருத்தர் சொன்னால் போதும், நான் செத்துப் போவேன். என் பழைய குரல் அங்கே இருக்கட்டும். நான் இங்கே இருந்துகொள்கிறேன்.

வசந்தா

*

ஆவடி
24.1.1989

அன்புள்ள தம்பி இராமகிருஷ்ணனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எப்படி இருக்கிறீர்கள்? பால் பொங்கியதா? இங்கே எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் எல்லாரும். பொறுமையாகப் படியுங்கள்.

வர மாட்டேன் என்று அவள் எழுதியதைப் படித்துவிட்டு மாமா எழுந்துவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு தலையணையைக் கயிற்றில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, இட்டார்சியில் வண்டி மாறி உங்கள் வாசலில் வந்து நின்றாரே, அது எனக்கே அதிசயம். அந்த மனுஷன் இந்த ஊரை விட்டுக் கிளம்பியதே அவளுக்காகத்தான். அவரைப் பார்த்ததும் இவளுக்கும் வர மாட்டேன் என்று சிலேட்டில் எழுதக் கை வரவில்லையாம். நீங்களும் மறு பேச்சு பேசாமல் அனுப்பி வைத்தீர்கள், நல்லா இருங்கள்.

வந்தவள் பொங்கல் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்கு உள்ளே உட்கார்ந்து தலையணை உறைக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தாள். இலையில் வைத்ததை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். தனியாக இருக்கும்போது மட்டும் வாய் அசைவதைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் கேட்டபடி ஆட்டோவை மறுபடி ஓடவிட்டேன். தை பிறந்தது, பார்வதம் அம்மா வந்தாள், கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், "அந்த வீடியோக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிட்டேன்" என்று போய்விட்டாள். அதைக்கூட என்னால் கொண்டாட முடியவில்லை. இவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று குவார்ட்டர்ஸில் நிறைய வீட்டுக்குத் தலையணை கொடுக்க வேண்டியிருந்தது. கை கொடு என்று அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். கேசட்டில் அவள் குரல் ஓட, அவள் தலை குனிந்து தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நாலாவது தெருவில் கேசட் முடிந்தது. துலுக்கானம் வண்டியைப் புங்க மர நிழலில் நிறுத்தி, தலையணை வந்திருக்கிறது என்று வண்டி மைக்கில் மெல்லச் சொல்லி, அதை அணைக்க மறந்து, வைக்க இடமில்லாமல் அவள் மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஒரு வீட்டுக்குள் போய் உறையின் நிறத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் திடீரென்று என் கையைப் பிடித்து, "உஷ்" என்றாள்.

தெரு முழுக்க, கூரைக்கு மேலே, மெல்ல ஒரு குரல்.

"அக்கா... எங்கே போயிட்டே? பசிக்குது எனக்கு."

மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து, யாருமில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் பசி என்று சொல்லி எத்தனை மாதம் ஆயிற்று! நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் திரைகள் எல்லாம் ஒதுங்கிவிட்டன. "அந்தப் பொண்ணுடி! வண்டியிலயே கீதுடி! பசிக்குதாம்!"

தட்டோடு வந்தார்கள். ஆற்காட்டுக்காரி மொச்சைக் குழம்பு, கோயம்புத்தூர்க்காரி தயிர்ச் சாதம், ஒருத்தி கரும்பை உரித்துக்கொண்டே வந்தாள். ஆட்டோவைச் சுற்றிப் பெண்டுகள். இவள் பயந்து போய் மைக்கைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். யாராவது ஏதாவது கேட்டுவிடப் போகிறார்களே என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கம்மா போயிருந்த இத்தினி நாளா? நாங்க டேப்புதான்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள் ஒருத்தி. "மழ கொண்டாந்தியா?" என்றாள் இன்னொருத்தி. அவ்வளவுதான். குரலுக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தியும் கேட்கவில்லை, தம்பி. ஒரே ஒரு நாள் கேட்ட அந்தக் கணீரை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? அவர்களுக்குத் தெரிந்த குரலே இந்த மெல்லிய குரல்தான். அதோடு, ஒவ்வொரு வீட்டிலும் ஆம்பிளைகள் உறங்குகிற நேரம். அந்தத் தெருவில் அந்நேரம் எல்லாருமே காற்றுக் குரலில்தான் பேசுவார்கள். அத்தனை பேரும் கிசுகிசுவென்று பேச, நடுவில் இவள் உட்கார்ந்திருந்தாள். யார் குரல் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் தட்டைச் சாப்பிட்டாள். இரண்டாவதையும் சாப்பிட்டாள். அப்புறம் நிமிர்ந்து அந்த ஆற்காட்டுக்காரியைப் பார்த்து, "கொஞ்சம் ரசம் இருக்குமா, அக்கா?" என்று கேட்டாள். சிலேட்டும் இல்லை, மைக்கும் இல்லை. வாயால் கேட்டாள்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் அக்கா,
லோகநாயகி